ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்

நுழைவுக்கு ஒரு வெள்ளி.
லாக்கருக்கு ஐம்பது காசு, திரும்பக் கிடைக்காது.
குளத்தோரப் பலகையில்
நான்கு மொழியிலும் ஆழம் எழுதியிருக்கிறது.
தமிழில் மட்டும் கடைசிப் புள்ளியைக் காணோம்.
‘ஆழம’ என்று வாய் திறந்தபடி நிற்கிறது.
புள்ளி தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும்.
தேடி எடுக்க எனக்கு
நீந்தத் தெரியாது.

வயது நாற்பத்தாறு.
இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
கூண்டின் கண்ணாடித் தரைக்குக் கீழே,
என் இரண்டு காலணிகளுக்கும் நடுவே, கடல்.
பதினான்கு மாடி உயரத்திலிருந்து பார்த்தால்
அதில் அலையே கிடையாது,
இஸ்திரி போட்ட சீருடை மாதிரி விறைப்பாக இருக்கும்.
அதன்மேல் வந்து நின்ற கப்பல்களையெல்லாம் தொட்டிருக்கிறேன்.
அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

கிளமெண்டி. செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரை.
பெரியவர்களுக்கான வகுப்பு, பெயர்தான் அப்படி,
ஐந்து பேரும் விளிம்புக் கம்பியைப்
பள்ளிப் பேருந்துச் சன்னல் போலப் பிடித்திருக்கிறோம்.
திரு கோ மட்டும் மூக்குக் கிளிப் போட்டிருப்பதால்
எல்லாவற்றையும் ஜலதோஷத்தில் சொல்கிறார்.

பயிற்சியாளர் ஹஸீகாவுக்கு இருபத்துமூன்று இருக்கும்.
என் பிடரியின் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு
“லெப்பாஸ், காக், லெப்பாஸ்” என்கிறாள்.
விடு. விட்டுவிடு.

அது எனக்குப் பழகாத வினைச்சொல்.
முப்பது டன் பெட்டியைக் காற்றில் பிடித்தபடி
நான்கு மூலைப் பூட்டுக்கும் பச்சை விளக்கு எரியும்வரை
விடாமல் இருப்பதற்குத்தான்
மாதக் கடைசியில் சம்பளம்.
ஒரே ஒரு தடவை,
ஒரு சாண் முன்னதாக விட்டேன்.
கீழே யாரும் இல்லை. பெட்டியில் வெறும் ஓடுகள்.
அந்தச் சத்தம் மட்டும் ஏறி வந்து
என் தோளில் உட்கார்ந்துகொண்டது.
இங்கே என்ன, கல்லா, என்று
ஹஸீகா அழுத்திப் பார்த்துக் கேட்டது அதைத்தான்.

அப்போது சங்கு ஊதியது. சிவப்பு விளக்கு சுழன்றது.
மின்னல் எச்சரிக்கை.
வானத்தில் ஒரு கீறல்கூட இல்லை.
இந்த ஊரில் மின்னலுக்கு முன்பே
மின்னலின் அறிவிப்பு வந்துவிடும்.

எல்லாரும் கூரைக்குக் கீழே.
சறுக்கின் உச்சியில் இருந்த பையன்
படிவழியே இறங்கி வந்தான், அவமானத்தோடு.
போட்டிக்குப் பயிலும் பிள்ளைகள்
வரிசையாக நின்று காற்றில் கை வீசினார்கள்.
யாரோ கப் நூடல்ஸைத் திறந்தார்கள்.
எங்கள் பாரந்தூக்கிகளும் மின்னலுக்கு நிற்கும்.
அப்போது மேலேயிருந்து இறங்கி,
ஓய்வறையில் ஆளுக்கொரு கைபேசியோடு உட்காருவோம்.
இங்கே ஈரமான முதுகுகள் இடித்துக்கொண்டன.
மூக்குக் கிளிப்பைக் கழற்றாமலே திரு கோ
எனக்குப் பாதி மைலோவை நீட்டினார்.

ஆளில்லாத குளத்தில்
விளக்குகள் மட்டும் எரிந்தன.
கயிறுகளின் ஆட்டம் மெல்ல அடங்கியது.
பிறகு மழை.
எவ்வளவோ பேரை ஏந்திய களைப்பில் கிடந்த தண்ணீர்மேல்
தண்ணீரே விழுந்தது.

விளக்கு பச்சையானபோது மணி எட்டு ஐம்பது.
வகுப்பு நேரம் முடிந்திருந்தது.
ஹஸீகா பேருந்துக்கு ஓடினாள்,
அடுத்த வாரம், காக், என்று.

எனக்குப் பதினொன்றுக்கு வேலை.
இருந்தும் இறங்கினேன்.
தலையைப் பின்னால் சாய்த்தேன், காது மூழ்கியது.
எங்கோ நீரேற்றி இயந்திரம்
நங்கூரமிட்ட கப்பல்போல உறுமிக்கொண்டிருந்தது.
இடுப்பு முதலில் போனது, கூடவே நானும்.
குடித்தேன், இருமினேன், எழுந்தேன்.
நின்றால் மார்பளவுதான்.

மறுபடி.

இரண்டு நொடி இருக்கும். மூன்று என்று சொல்லமாட்டேன்.
விட்டேன்.
எதுவும் விழவில்லை.
எங்கிருந்தும் சத்தம் வரவில்லை.

அப்புறம் பயம் வந்து கால் தரையைத் தேடியது.
பலகை சொன்ன இடத்தில் தரை இருந்தது.
பாதத்தில் ஏதோ உறுத்தியது,
சின்னதாக, உருண்டையாக.
குனிந்து எடுக்க
இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.